கேட்டவர்க்கு மட்டும்

ரம்பொடை இறக்கத்தில்
ஒரு நொடி ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்கவில்லை.
ஒரே நொடி.
டக்கென்று கீழே ஏதோ முறிந்த சத்தம்,
கை கனத்தது,
பிறகு ஒன்றும் நடக்காததுபோல் வழிக்கு வந்தது.
பின்னால் பதினான்கு பிள்ளைகள்.
ஒருத்தி மட்டும் கேட்டாள்:
"ஆன்ட்டி, நித்திரையா?"

சனிக்கிழமை கண்டிக்கு இறக்கிக்கொண்டு போனேன்.
ஏஜென்டின் கண்ணாடிக் கதவு தானே திறந்தது.
லீசிங் கட்டி முடிக்க
இன்னும் முப்பத்தொரு மாதம் இருக்கிறது,
அந்தப் பயத்தோடு ஆரம்பித்தேன்:
"வளைவில் திருப்பும்போது ஒரு..."

"டக்கென்று சத்தம்.
பிறகு கை கனக்கும். இல்லையா மிஸ்?"

கவுண்டரில் இருந்த பையன், பெயர் உபுல்,
என் வாக்கியத்தை முடித்துவைத்தான்.
குனிந்து மேசைக்கடியிலிருந்து
ஒரு பெட்டியை எடுத்து வைத்தான்.
எட்டிப் பார்த்தேன்.
அதே பெட்டி, அதே இலக்கம்,
கூரைத் தகடுபோல் ஒன்றன்மேல் ஒன்று.

"காசு வேண்டாம். ஜொயின்ட், கூலி, எல்லாம் இலவசம்."

எனக்கு இலவசமாய்க் கிடைத்தது
இதுவரை மழையும் மூடுபனியும்தான்.
சந்தோஷப்பட்டிருக்கலாம்.
பட்டேன், பொய் சொல்லவில்லை.
மூன்று மணிநேரம் ஏசிக்குள் இருந்தேன்,
இரண்டு கோப்பை டீ குடித்தேன்.

கழற்றிய பழைய ஜொயின்டைக் கேட்டேன்.
தர முடியாதாம்.
அது கம்பெனிக்குத் திரும்பிப் போக வேண்டுமாம்.
அப்படியானால்
இரும்புக்கு அழைப்பு வந்திருக்கிறது,
வண்டிக்குத்தான் இல்லை.

"மற்ற வேன்காரருக்குக் கடிதம் போட்டீர்களா?"

உபுல் குரலைத் தாழ்த்தினான்.
"போட்டால் அது ரிகால், மிஸ்.
பேப்பரில் வரும்.
இது ஒரு சேவை.
கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும்."
கொஞ்சம் பொறுத்து,
"என் மச்சானின் வண்டிக்கு
போன மாதமே நான் மாற்றிவிட்டேன்."
கெட்டவனில்லை.
அதனால்தான் எனக்குக் கோபம் எங்கே போய்
நிற்பதென்று தெரியவில்லை.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள்.
சரி.
அழாத பிள்ளை
மூன்றாவது சீட்டில்
புத்தகப் பையை அணைத்தபடி
வாய் திறந்து தூங்குகிறது.

தோட்டத்தில் பெரட்டுக்குப் போயிருக்கிறேன், நான்கு வருஷம்.
கணக்கப்பிள்ளை ஒரு பேரை விட்டுவிட்டால்
மலையே கேட்கச் சத்தம் போடுவோம்,
ஒரு நாள் சம்பளத்துக்காக.
இங்கே
பேர் விடுபடவில்லை.
முழுப் பட்டியலும் கையிலிருக்க
யாரும் வாசிக்கவில்லை.

கையெழுத்துப் போடும் தாளில்
மூன்று மொழியிலும் ஒரே வரி.
தமிழில் மட்டும் எழுத்துப் பிழை:
"வேலை முடிந்தது. வாடிக்கையாளர் திருப்பி."
திருப்தி என்று வந்திருக்க வேண்டும்.
திருத்தவில்லை.
கீழே என் பெயரை எழுதினேன், பெ. லோகேஸ்வரி.

மாலை, புசல்லாவைக்கு மேலே
எதிரில் ஒரு வெள்ளை வேன்,
என்னுடையதன் இரட்டைப் பிறவி,
அதே வருஷம், அதே முகம்,
மேல் கெரியரில் லீக்ஸ் மூட்டை.
லைட்டை அடித்தேன்.
ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

அவர் வேகத்தைக் குறைத்தார்.
பெல்ட்டை இழுத்து மாட்டினார்.
கீழே பொலிஸ் நிற்கிறதென்று
நான் சொல்வதாய் நினைத்து
கையைத் தூக்கி நன்றி காட்டிக்
கடந்து போனார்,
இறக்கத்தை நோக்கி.

அவருக்கு இன்னும் அந்த நொடி வரவில்லை.
வராமலே போகலாம்.
வந்தபின் கேட்டுப் போனால்
இலவசமாய் மாற்றிக் கொடுப்பார்கள்.

தேயிலை மேட்டோரம் கொஞ்சம் இடமிருந்தது.
ஹோர்னில் ஒரு கையை வைத்தபடி
மற்றக் கையால் திருப்பினேன்.
புது ஜொயின்ட்,
வெண்ணெய்போல் திரும்பியது.