செவ்வாயும் வெள்ளியும்

ஒரே தெரு.
ஏழு கிலோமீட்டருக்கு இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி ஊர்.
ஒருபக்கம் வெங்காயப் பாத்தி,
மறுபக்கம் பெய்ப்சி ஏரி.
செவ்வாயும் வெள்ளியும்
என் கடைவண்டியின் ஹாரனுக்கு
முதலில் வருபவை நாய்கள்.
பிறகு லுகேர்யா.
பிறகு சில்லறை இல்லாதவர்கள்.

ரொட்டி, உப்பு, தீப்பெட்டி, டார்ச் பேட்டரி.
வெங்காயம் மட்டும் ஏற்றுவதில்லை.
வேலைக்குப் புதிதில் ஒரு சாக்கு கொண்டுவந்தேன்,
சிரிப்பு மூன்று வீடு தாண்டிக் கேட்டது.
இவர்கள் தரும் நோட்டுகூட வெங்காயம் மணக்கும்,
வங்கிக்காரி விரல்நுனியில் வாங்குவாள்.

ஒரு முழம் உறைந்துவிட்டால்
ஏரிமேல் லாரியே போகலாம் என்பார்கள்.
எவ்லாம்பிக்கு லாரி இல்லை.
மோட்டார்சைக்கிள் எஞ்சின், டிராக்டர் ட்யூப் நாலு,
யாரோ கழித்த பஸ்ஸின் இருக்கை.
தானே கட்டினான்.
ஊர் அதைக் கழுதை என்றது.
அதிகாலையில் அது இருமிக்கொண்டே கிளம்பும்
பனியில் துளையிட்டு மீன் பிடிக்க.
அக்கரை ரஷ்யா.
நடு ஏரியில் ஒரு கோடு உண்டாம்.
மீன் அதைப் பார்ப்பதில்லை,
எவ்லாம்பி பார்ப்பான், ஃபோனில்.

மார்ச். வெள்ளி. மேல்காற்று.
லுகேர்யாவுக்குச் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தேன்.
ஏரி ஒரேமுறை வெடித்தது,
துப்பாக்கி மாதிரி.
தராசு முள் ஆடி நின்றது.
வரிசையில் நின்ற யாரும் ஏரியைப் பார்க்கவில்லை,
எவ்லாம்பியின் மனைவியைப் பார்த்தார்கள்.
அவள் முள்ளையே பார்த்தபடி
"இன்னும் அரைக் கிலோ போடு" என்றாள்.

கரைக்கும் அவர்களுக்கும் நடுவே
கறுப்பாகத் தண்ணீர் அகன்றுகொண்டே போனது.
இருட்டுமுன் ஹெலிகாப்டர்
எட்டுப் பேரை ஒவ்வொருவராகத் தூக்கியது.
கழுதையைத் தூக்கவில்லை.
"மீனையும் போடச் சொன்னானுங்க" என்றான் எவ்லாம்பி,
வீட்டு வாசலில், தாடியெல்லாம் பனியோடு.
அவன் சொன்னது அவ்வளவுதான்.
சமோவார் விடிய விடியக் கொதித்தது.
அடுப்புமேல் உலரும் விதை வெங்காயத்துக்கு அடியில்
தேடப்போனவர்கள், திரும்பியவர்கள்,
சும்மா வந்தவர்கள்.
ஒன்றரைக் கிலோவும் அன்றைக்கே தீர்ந்தது.

கடன் நோட்டில் அவன் பெயருக்கு நேரே
இரண்டு பேட்டரி இன்னும் நிற்கிறது.
பொருள் ஏரிக்கடியில்,
கோட்டுக்கு இந்தப்பக்கமோ அந்தப்பக்கமோ.
அடிக்கவும் மனமில்லை, கேட்கவும் வாயில்லை.

செவ்வாய்க்கிழமை அவனே வந்தான்.
ரொட்டி வாங்கினான்.
திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி,
"போல்ட்டு கிடைக்குமா? பன்னிரண்டு மில்லி?"
வேலிக்கு அந்தப்பக்கமிருந்து லுகேர்யா:
"கொண்டுவராதே."

வெள்ளிக்கிழமை
சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் ஒரு தகர டப்பா.
மேடு பள்ளத்தில் எல்லாம் கலகலத்துக்கொண்டே வந்தது.
பையை விரித்துக்கொண்டு அவள் படியேறியபோது
காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.