பதினோரு நாள்

பட்டியல் இரவு பதினொன்றே முக்காலுக்கு வந்தது.
மில்வாக்கியில் பனி. ஈரக் காலுறையோடு
சமையலறையில் நின்றபடியே என் பெயரைத் தேடினேன்.
நேற்றுவரை எண்ணூற்றுப் பன்னிரண்டு.
இன்று இரண்டாயிரத்து நாற்பத்தொன்று.

நான் எங்கும் நகரவில்லை.

நடுவர் மூவர், டென்வரில் ஓர் ஓட்டல் அறையில்,
ஒன்பது மாதம் காப்பி குடித்துக் குடித்து
எங்கள் பழுப்புச் சீருடையையும் அவர்கள் நீலத்தையும்
ஜிப் இழுப்பதுபோலப் பல்லுக்குப் பல் கோத்திருந்தார்கள்.

எனக்கு நேர்மேலே ஆரின் திபோடோ.
வேலைக்குச் சேர்ந்தது ஒரே தேதி, வேறு கம்பெனி.
பிறந்தநாளை வைத்துச் சிக்கலைத் தீர்த்தார்களாம்.
பதினோரு நாள் மூத்தவன்.
என் அம்மாவுக்கு வலி தாமதமாய் எடுத்ததற்கு
நான் என்ன செய்ய?

கிறிஸ்துமஸ் விடுப்பில் கடைசி ஒன்று அவனுக்கு.
கடைசியாய்க் காலியான இடது இருக்கையும்.

பிப்ரவரியில், டுலூத் போகும் விமானத்தில்தான் பார்த்தேன்.
நல்லவன். அதுதான் தொல்லை.
மனைவி சுட்ட இஞ்சி ரொட்டியில் பாதியைப் பிட்டுத் தந்தான்.
"மன்னித்துவிடு" என்றான், எதற்கென்று சொல்லாமல்.
குறுக்குக் காற்று முப்பது நாட்;
இறக்கினான், கோப்பையில் காப்பி அலுங்கவில்லை.

ஓடுபாதை விட்டுத் திரும்புகையில் இருமினான்.
மறுபடியும்.
கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான்.
அடுத்த மருத்துவப் பரிசோதனை எப்போது என்று
நலம் கேட்பவள்போலக் கேட்டேன்.
ஏப்ரல் என்றான்.

விளக்கு, ஃபிளாப், ரேடார் என்று
நான் வரிசையாய் வாசிக்க வாசிக்க
உள்ளே ஒருத்தி
இரண்டாயிரத்து நாற்பது
என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.