தீபாவளியன்று தீனி

ரோஜா நிறத் திரவம் மஞ்சளாகியிருந்தால்
தின்று தீர்த்துவிட்டன என்று பொருள்.
விடுமுறையென்று புற்றணுக்களிடம் யார் சொல்வது?
கெண்ட் ரிட்ஜில் இறங்கி
ஆளில்லாத தாழ்வாரத்தில் அட்டையைத் தட்டுகிறேன்,
பட்டுச் சேலைமேல் வெள்ளை அங்கி.

போன வார விரிவுரையில்
பின்வரிசை ஷர்மினி கேட்டாள்:
காற்றுதான் தாராளமாய் இருக்கிறதே டாக்டர்,
ஏன் சர்க்கரையை அரைகுறையாய் எரிக்கின்றன?
விறகு முழுதையும் அடுப்பில் வைத்தால்
வீடு கட்ட மரம் ஏது, என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.
தேர்வுக்கு வருமா என்றான் ஒருவன்.

பழையதை உறிஞ்சி எடுத்து
இளஞ்சூட்டில் புதியதை ஊற்றுகிறேன்.
லிட்டருக்கு நாலரை கிராம் சர்க்கரை.
மெல்லத் தின்னுங்கடி.

கிளமெண்டி கோப்பிக் கடையில்
வழக்கம்போல் கோப்பி ஓ கோசோங்.
இன்றைக்குமா, என்கிறார் லிம்.
என் ரத்த அறிக்கை
கைப்பையில், லட்டு டப்பாவுக்கு அடியில்.