சிலிண்டர் தீர்ந்த இரவு

பத்து நாற்பதுக்கு முள் பூச்சியத்தில் விழுந்தது.
கொழும்பிலிருந்து வரவேண்டிய காபனீரொட்சைட்டு
ஹபறணையில் லொறியோடு படுத்துவிட்டதாம்.
சாரதி மூன்றாம் முறையும் அதையே சொன்னார்,
பிறகு போனை எடுக்கவில்லை.

குடுவைகளில் பச்சை சுழன்றுகொண்டிருந்தது.
ஐந்து வீத வாயுவில் வளர்ந்த பாசி,
ஊட்டிவிட்ட சோறு மட்டுமே தின்றது.
இனி நிலாவெளிக் காற்றுத்தான் அதற்கும்:
பத்தாயிரத்தில் நாலு பங்கு.

‘விடிய வெளிறிப்போகும், பாருங்கோ’ என்றாள் நஸ்லிமா.
கிண்ணியா பஸ்ஸை விட்டிருந்தாள்.
இரண்டு கதிரையைச் சேர்த்துப் போட்டு
முகத்தை மூடிக்கொண்டாள்.

அரை மணிக்கொருக்கால் கொஞ்சம் எடுத்து
மூடியில் நேரம் எழுதி உறைய வைத்தேன்.
ஆய்வுத் திட்டத்தில் அது இல்லை.
யன்னலுக்கு வெளியே கணவாய்க்கு விளக்கெரித்த வள்ளங்கள்
ஒன்று அணைய ஒன்று தெரிந்தன.
மூன்று மணிக்குப் பச்சை தயங்கியதுபோல் இருந்தது.
என் கண்ணாகவும் இருக்கலாம்.

விடிந்தது. வெளிறவில்லை.

ஏழு கிழமை கழித்துப் பேராதனையிலிருந்து வரைபு வந்தது.
பதினொன்றரைக்கே தொடங்கியிருக்கிறது,
நான் முதல் மூடியில் எழுதிய நேரம்.
எப்போதும் உள்ளே கிடந்த ஒரு புரதம்,
நிறைந்த நாட்களில் வேலையில்லாதது,
எப்படி மணந்ததென்று இன்னும் எவருக்கும் சரியாகத் தெரியாது,
எழும்பிப்போய்த் தட்டியிருக்கிறது.
தூங்கிய பரம்பரையலகுகள்
ஒன்று, இருபது, நூற்றுக்கணக்கில்.
மென்சவ்வில் புதிதாய்ப் பம்பிகள்,
தண்ணீரில் கரைந்த இருகாபனேற்றை உள்ளே இழுக்க.
இழுத்ததைத் திரும்ப வாயுவாக்க ஒரு நொதியம்.
வந்த வாயு நழுவாமல்
மாப்பொருளால் சுற்றி ஒரு மதில்.
ஒரு கலத்துக்குள், ஒரே இரவில்,
நஸ்லிமாவின் குறட்டைக்கு நடுவே
இவ்வளவு கட்டுமான வேலை.

வியாழக்கிழமை சிலிண்டர் வந்தது. திறந்தோம்.
அதற்கும் மாதிரி எடுத்திருந்தேன்.
கோடு விழுந்திருக்கிறது, செங்குத்தாய்.
மறுபடி வராமல் போகுமோ என்று
ஒரு பம்பிக்கான கட்டளையைக்கூட
ஒளித்து வைக்கவில்லை அது.

வரைபை நஸ்லிமாவிடம் நீட்டினேன்.
பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.
வரிசையில் நின்ற அந்த வருடத்துக்குப் பிறகு
தேவை ஒரு இறாத்தல் பாண் என்றாலும்
இரண்டு வாங்குகிறவள்.

என் கட்டிலுக்கடியில்
மண்ணெண்ணெய்க் கான் இன்னும் இருக்கிறது,
வாய்வரை நிறைந்து.
வீட்டில் அடுப்பு காஸில்தான் எரிகிறது.