மூன்று குளம்புத் தடம்

எட்டு வருசம் இந்த மண்ணை
முழந்தாளில் நின்று வாசித்தவள் நான்.
ஒரு மீற்றர் அகலம். முப்பது பாகைச் சரிவில் கம்பி.
நாற்பது நிமிசத்துக்கு ஒருதரம் விசில்.
முகக்கவசத்துக்குள் மூக்கால் ஒழுகும் வேர்வையைத்
துடைக்க முடியாது.
நாகர்கோவிலுக்குத் தெற்கே, உப்புக்காற்று அடிக்கிற பக்கம்,
எங்கள் குழு எழுபத்துமூன்று எடுத்தது.
எழுபத்துநாலாவதை
ஒரு மாடு எடுத்தது.

சிவப்புப் பலகையில் மண்டையோடு இருந்த காலம்
விறகுக்கு ஒருவரும் வரவில்லை.
மிதிவெடிகளுக்கு மேலே வீரை துளிர்த்தது.
தறித்த பாலை அடிக்கட்டையிலிருந்து
ஐந்தாறு தண்டாய் எழும்பிற்று.
காரையும் சூரையும் முள்ளோடு முள் கோத்து
கீரி போகிற அளவுக்கு மட்டும் வழி விட்டன.
சொல்லக்கூடாது, சொல்கிறேன்:
அதைவிட நல்ல காவல்
அந்தக் காட்டுக்குப் பிறகு வாய்க்கவில்லை.

துப்புரவாக்கி முடித்தோம்.
சான்றிதழ் தந்தார்கள், படம் எடுத்தார்கள்,
பலகையைக் கழற்றினார்கள்.
அந்தக் கிழமையே கட்டாக்காலிகள் வந்தன.
மீள்குடியேற்றத்தில் வீட்டுக்கு ஒன்றாய்க் கொடுத்த பசுக்கள்,
அவற்றின் கன்றுகள்,
கயிறு என்றால் என்னவென்று தெரியாத கன்றுகளின் கன்றுகள்.

இப்போது எனக்கு வேறு தொப்பி, வேறு சம்பளம்.
முழந்தாள் அதுதான்.
வீரைக் கன்று இரண்டு இலையோடு
சருகுக்குள் தட்டுப்பட்டால்
மூச்சு, பழக்கத்தில், நிற்கிறது.
கடியைப் பார்த்தே ஆளைச் சொல்வேன்:
ஆடு நறுக்கும்.
மாடு நாக்கால் சுற்றி இழுக்கும்,
கன்று வேரோடு வரும்.
ஈர மணலில் மூன்று குளம்பு, பக்கத்தில் ஒரு இழுவை என்றால்
அவள்தான்.
இந்த மாரிக்குப் பிறகு மட்டும்
நாற்பத்தொரு கன்று. கொப்பியில் இருக்கிறது.

தொடையில் சுட்ட குறி 'சு.வ'.
கிராம அலுவலரின் பழைய பட்டியலில்
சுவாம்பிள்ளை வஸ்தியான், இறந்துவிட்டார்.
மகன் நோர்வேயில்.
இலக்கம் எடுத்து அழைத்தேன்.
"அது இன்னும் சீவிக்குதோ?"
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"எந்தக் கால் அக்கா இல்லை?"
பின்னங்கால், இடது, என்றேன்.
அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.
நானும் கன்றுகளின் கணக்கைச் சொல்லவில்லை.

சபை உழவு இயந்திரம் விடியவே வந்தது.
பதினாலு நாள் பட்டியில் நிற்கும்,
ஒருவரும் வராவிட்டால் ஏலம்.
"ஆர் எடுக்கிறது எண்டு என்னட்டைக் கேக்காதேங்கோ,"
ட்ரைவர் செபநாயகம்.
பெட்டியில் ஏற்ற, பின்னால் நின்று நான்தான் தூக்கினேன்.
குறைக்கால் என் முழங்கையில் அழுந்தியது.
வைரம் பாய்ந்த பாலைக் கட்டை போல இருந்தது,
ஆனால் சூடாக.
படிவத்தில் 'உரிமையாளர்' என்ற இடத்தில்
பேனை நின்று நின்று
ஒரு மைப்புள்ளி பெருத்தது.

ஏறும்போது அவள் போட்ட சாணத்தை
ஒரு தடியால் கிளறினேன்,
முப்பது பாகையில், வேறு விதமாய்க் கிளறத் தெரியாது.
ஈச்சங்கொட்டை நாலு.
பாலை விதை ஒன்று, மினுங்கிக்கொண்டு.
கொப்பியில் இரண்டு பக்கம் உண்டு: சேதம், நடுகை.
ஐந்தையும் கழுவிச்
சட்டைப் பைக்குள் போட்டேன்.
எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

அன்றிரவு வேலிக்குக் கீழால் ஆடுகள் வந்தன.
பதினேழு. கழுத்தில் நைலோன் கயிறு,
காதில் பச்சைத் தோடு.
அவற்றுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள்.
நாளைக்கு அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும்,
நல்ல சட்டையோடு,
தேத்தண்ணி தந்தால் குடித்துக்கொண்டு.