ஐந்நூறு சொற்களுக்குள்

கடைசிப் பெயர் கேட்ட கட்டத்தில்
அப்பாவைத் தட்டி வைத்தேன்: சூசைமிக்கேல்.
முதல் பெயர்தான் நான், எமில்டா.
இனி அந்த ஊரில் யார் கூப்பிட்டாலும்
அவர்தான் எழுந்து போக வேண்டும்.

ஃபகாஹீல். ஏப்ரல். இரவுப் பணி.
மாலையிலேயே வானம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.
புழுதி அடித்தால் எங்களுக்குத் தீபாவளிக் கூட்டம்.
நெபுலைசருக்கு வரிசையில்
ஹெல்மெட் கழற்றாத டெலிவரிப் பையன்கள்,
ஒரு கணக்கு வாத்தியார்,
அபாயாவுக்குள் மாறி மாறி இருமும் இரண்டு சகோதரிகள்.

அங்கே இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது வரை நேரம்.
இங்கே அது காலை ஏழு ஐம்பத்தொன்பது.
ஏழுக்கு டியூட்டி முடியும்.
எல்லாம் ஏற்றியாயிற்று.
டாக்டர் ஹுஸாமின் பரிந்துரைக் கடிதத்தில்
நான் நர்ஸ் என்று இருந்தது.
திருத்தச் சொன்னேன். டெக்னீஷியன் ஆனேன்.
பிறகு கேட்கவில்லை.

மிச்சம் ஒரே கேள்வி.
சுவாச சிகிச்சையில் முதுநிலைப் படிப்பு
உங்களுக்கு ஏன் வேண்டும்?
ஐந்நூறு சொற்களுக்குள். ஆங்கிலத்தில்.

சிறு வயதிலிருந்தே என்று தொடங்கி அழித்தேன்.
சிறு வயதில் நுரையீரல் என்றால்
கறிக்கடையில் கடைசியில் மிஞ்சுவது.

ஏழாம் படுக்கை மொனிருலை எழுதலாமா?
தொட்டி கழுவ இறங்கியவன்.
பதினொரு நாள் அவனுக்காக இயந்திரம் இழுத்தது.
பன்னிரண்டாம் நாள் குழாயை உருவினேன்.
கடவுள் பெயர் வரும், அம்மா பெயர் வரும் என்று
சுற்றி நின்றோம்.
கரகரத்துக் கேட்டான்:
சார்ஜர்.

நான்காம் படுக்கை உம்மு சாலிஹை எழுத முடியாது.
அவர் போன பிறகும் மார்பு ஏறி இறங்கியது,
நிமிடத்துக்குப் பதினாறு, பிசகாமல்.
மகன் வரும்வரை நிறுத்த வேண்டாம் என்றார்கள்.
வந்தவர் மார்பைப் பார்த்தார்,
மலர்ந்து என்னைப் பார்த்தார்.
எனக்குத் தெரிந்த அரபி நாற்பது சொற்கள்.
நாற்பதிலும் அது இல்லை.

தமிழ் என்றால் சொல்லியிருப்பேன்.
மூச்சு விட்டார் என்றால் இருக்கிறார்.
மூச்சை விட்டார் என்றால் இல்லை.
நடுவில் ஓர் ஐ.
அதற்கு இந்தப் பக்கம் ஆளை இழுத்துப் பிடிக்கிற வேலை என்னுடையது.
எப்போது பிடியைத் தளர்த்துவது என்று
இன்னும் சரியாகத் தெரியவில்லை, ஐயா,
அதனால்தான்.

இதை எந்த ஆங்கிலத்தில் எழுத?
வெண்டிலேட்டரிலிருந்து நோயாளிகளை விடுவிப்பதில்
ஆழ்ந்த ஆர்வம் உண்டு என்று எழுதினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.
பொய் ஒன்றும் இல்லை.

யாரிடமும் மூச்சு விடவில்லை,
ரொசாரியனிடம்கூட.
கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம்.
கிடைக்காவிட்டால் சொல்ல என்ன இருக்கிறது.

ஏழு ஐம்பத்து மூன்று.
ஹாஸ்டல் பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு புழுதியில் ஊர்கிறது.
கட்டணம் எழுபத்தைந்து டாலர்.
அட்டை எண், மாதம், வருடம்.
ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம் என்றது திரை,
எண்பத்து மூன்றில் முடியும் கைபேசிக்கு.
தூத்துக்குடியில் இருக்கிற கைபேசி.

நான் கூப்பிடுமுன் அது கூப்பிட்டது.
"ஏட்டி, பேங்க்ல இருந்து என்னமோ நம்பர் வந்திருக்கு.
யாருக்கும் சொல்லாதீயன்னு போட்டிருக்கான்."

சொன்னேன். இரண்டு வருடம். அமெரிக்கா.
இங்கே வேலையை விட வேண்டியிருக்கும்.
வீட்டுக் கடன் பற்றி நானே சொல்லிவிட்டேன்.

அந்த முனையில் பேச்சில்லை.
பழக்க தோஷம், எண்ணினேன்.
கால் நிமிடத்தில் ஆறு.
அப்படியானால் இருபத்து நான்கு.
கொஞ்சம் வேகம். ஆபத்தில்லை.

பக்கத்து இருக்கையில் ஜிஜி தூங்குகிறாள்,
முகக்கவசம் உப்பி, ஒடுங்கி.
ஏழு ஐம்பத்தாறு.

நீளமாய் ஒரு மூச்சு விட்டார்.
"எழுதிக்கோ" என்றார்.
"நாலு. சைபர். அப்புறம் இது ஒண்ணா ஏழா,
இரு,
கண்ணாடிய எங்க வச்சேன்."