இரு கைப் பூட்டு

கூஹ்மோவின் இயந்திரக் கடையில்
டன்னில் பேசிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.
ஐந்து டன், எட்டு டன், பதினாறு டன்.
ஏப்ரல் பிறந்துவிட்டால் வாய் ஓயாது.
இப்போது பிளந்து அடுக்கினால்தான்
ஜூலை வெயிலில் காயும்,
நவம்பரில் புகையாமல் எரியும்.
இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தும் சொல்வேன்.

அன்று காலை தைமி கெம்பைனன்
கார் டிக்கியிலிருந்து ஒரு கட்டையை எடுத்து
வலது இடுப்பில் ஏந்தி
கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வந்தாள்.
பிர்ச் மரம். கிளை முளைத்த இடத்தில்
முழங்கை மடக்கினாற்போல் ஒரு கணு.
விலைச்சீட்டுகளுக்கு நடுவே அதை நிறுத்திவிட்டு
"இதைப் பிளக்கிறதைக் காட்டு" என்றாள்.

இருபது வருஷத்தில்
அளவு குறித்த தாளோடு வந்தவர்கள் உண்டு,
தீர்மானிக்க மனைவியோடு வந்தவர்கள் உண்டு.
வீட்டிலேயே பொல்லாத கட்டையைத் தேடிப் பிடித்து
சாட்சிக்கு அழைத்து வந்தவள் இவள் ஒருத்திதான்.

எட்டு டன் மின் இயந்திரத்தருகே கூட்டிப் போனேன்.
வேகத்தைச் சொன்னேன், எண்ணெயைச் சொன்னேன்,
மோட்டாரின் ஆயுளைச் சொன்னேன்.
இடது கையை வலது கையால் எடுத்து
இடது பிடியின் மேல் வைத்தாள்,
மேஜையில் கையுறையை வைப்பதுபோல.
பிறகு வலது பிடியை அழுத்தினாள்.
கையுறை அங்கேயே கிடந்தது.
ஆப்பு அசையவில்லை.

இரண்டு கையும் அழுத்தினால்தான் ஓடும்.
ஒன்றை எடுத்தாலும் நின்றுவிடும்.
விரலைக் காக்க வைத்த பூட்டு.
விரல் இருந்தும் விசை இல்லாதவளுக்குக்
கையேட்டில் ஒரு வரி இல்லை.

நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்:
"ஜனவரியில். சவுனாவில்."
அவ்வளவுதான்.

குரலைத் தணித்தேன். ஒரு பட்டை இருக்கிறது,
இடது பிடியை இறுக்கிக் கட்டிவிட்டால்...
பலருக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.
அவர்களில் ஒருவன் என் மச்சான்,
இன்று ஒன்பது விரலால் சீட்டுக் கலைக்கிறான்.
"செத்த கைக்கு
விரல் போனாலும் தெரியாதே" என்றாள்.
பட்டையைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

மூலையில், சாலை உப்பு மூட்டைகளுக்குப் பின்னால்,
மூன்று வருஷமாக விலை குறைத்தும் நகராத ஒன்று:
கையால் அடிக்கும் பம்பு.
மோட்டார் இல்லை, ஒயர் இல்லை. இரண்டு நெம்புகோல்,
ஒன்று விரைவுக்கு, ஒன்று வலுவுக்கு.
இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்காது.
தூசியைச் சட்டைக் கையால் துடைத்தேன்.

அடித்தாள். நான் எண்ணினேன்.
தட்டு கட்டையைத் தொட்டதும்
சொல்லாமலே நெம்புகோலை மாற்றினாள்.
இருபதில் கோட்டைக் கழற்றினாள்.
முப்பத்தொன்றில் கட்டை முனகியது.
ரம்பச் சங்கிலி வாங்க வந்த இருவரில்
ஒருவன் உதவக் கை நீட்டினான்.
அவள் பார்த்த பார்வையில்
கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது.
நாற்பத்தேழில்
கணு, பிளந்தது என்று சொல்ல முடியாது, கிழிந்தது,
நார் நாராக, ஈரத்துணி கிழிகிற சத்தத்தோடு.
கடை முழுக்கப் பச்சை மர வாசம்.

"ஒரு கட்டைக்கு நாற்பத்தேழு" என்றேன்.
எனக்கே ஆகாத நேர்மை.
"ஒரு குளிர்காலத்துக்கு எத்தனை கட்டை?"
"எல்லாக் கட்டையும் இவ்வளவு பொல்லாததில்லை.
ஜூனில் ராத்திரி பதினொன்றுக்கும் வெளிச்சம் இருக்கும்."

ரசீதில் இன்னும் இருபது யூரோ குறைத்தேன்.
கவனித்துவிட்டாள்.
அந்த இருபதைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு
பம்போடு
இரண்டு பாதியையும் டிக்கியில் ஏற்றச் சொன்னாள்.
விறகு அவளுடையது.

மதியம் ஒருவர் வந்து பதினாறு டன் கேட்டார்.
வேகத்தைச் சொன்னேன், எண்ணெயைச் சொன்னேன்.
பிடியைக் கட்ட ஏதாவது வழி உண்டா என்றார்,
கண்ணைச் சிமிட்டி.
பட்டைகள் இருக்கும் இழுப்பறை
என் முழங்காலுக்கு நேராக இருந்தது.
தரையில் ஒரு சிராய் கிடந்தது,
குனிந்து அதை எடுத்தேன்.